ஓரத்தில் பதினொரு புள்ளிகள்

“இங்கிலீஷ்காரங்க பிள்ளைகள் எல்லாம் ரூல் படிச்சு முடிச்சிட்டுத்தானா அம்மாகிட்ட பேசும், டீச்சரே?”

அன்பையும் அடக்கத்தையும் அணிகலனாய்க் கொண்ட இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் விஜயம் டீச்சர் அவர்களே! 1991-இல் ஐந்தாம் வகுப்பு மாணவி மாடம்மாள் இப்படிக் கேட்டதும், கையிலிருந்த இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். மறுநாள் முதல் உங்கள் வகுப்பில் பேச்சு முதலில், விதி கடைசியில். பிள்ளைகள் கதவைத் திறந்தார்கள், ஜன்னலை மூடினார்கள், செய்ததை ஆங்கிலத்தில் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி விதியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். நோட்டில் சிவப்பு மையால் நீங்கள் அடித்ததே இல்லை. பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி; தேடித் திருத்துவது பிள்ளையின் வேலை.

“இது கிளாஸா, சாலைக் கம்போளச் சந்தையா?” என்று பக்கத்து அறையிலிருந்து கோமதியம்மாள் டீச்சர் கேட்டபோது சக ஆசிரியர்களான நாங்கள் சிரித்தோம். சிரிப்போடு நின்றோமா? 1996-இல் ‘பாடம் நடத்துவதில்லை, விளையாடுகிறார்’ என்று அவர் ஆங்கிலத்தில் புகார் எழுத, நாங்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். பத்தாம் வகுப்பு உங்கள் கையைவிட்டுப் போயிற்று. எழுதியது யாரென்று உங்களுக்குத் தெரியாது என்றே நம்பி, எட்டு ஆண்டுகள் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டோம். கோமதியம்மாள் மெடிக்கல் காலேஜில் ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது, பதினைந்து நாள் கஞ்சி கொண்டுபோனவர் நீங்கள்!

போன வியாழக்கிழமை, நீங்கள் சாவி ஒப்படைத்த பீரோவை, புதிதாய் வந்த ஷிஜா டீச்சர் திறந்தார். அடித்தட்டில் அந்தப் புகார்! அன்றைய தலைமையாசிரியர் விளக்கம் கேட்டு உங்களிடம் கொடுத்த அதே தாள். கீழே எங்கள் கையெழுத்துகள். ஓரத்தில் பென்சில் புள்ளிகள்.

“கோமதி டீச்சரே, உங்களுக்குப் பதினொண்ணு, கேட்டோ!” என்றார் ஷிஜா, விவரம் அறியாமல். யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டா இத்தனை காலம் எங்கள் இலையில் ஊறுகாய் வைத்தீர்கள்! திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையையே எங்களிடமும் காட்டியிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை!

அம்மா, பத்மநாபசுவாமி உங்களுக்கு நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளைத் தரட்டும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாள் ஆளில்லாத பத்தாம் வகுப்பில் தனியே உட்கார்ந்து, தம் புகாரைத் தாமே மறுத்து எழுதியிருக்கிறார். மடித்த தாளைக் கொடுத்து, “யாரும் படிக்கண்டாம், இது அவங்களுக்கு மட்டும்” என்றார். அது இந்த வாழ்த்துமடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகைக்குள் இருக்கிறது. வீட்டில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாய்ப் பார்த்து, ஆணியை நெம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்
திருவனந்தபுரம், 31 மார்ச் 2004