நாங்கள் போகாத நான்கு நகரங்கள்

ஓர் ஐரோப்பிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க மூன்று நாள் போதும். அதற்குத் திட்டமிட ஓராண்டாவது வேண்டும். பலர் இதனை உணர்வதில்லை, காவல் ஆய்வாளர் அம்மையீர். அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டு, விடுதி அறையில் தேநீருக்குக் கெட்டில் இல்லையே என்று அங்கே நின்று புலம்புகிறார்கள்.

என் தோழி பெவர்லி, இங்கே ஹாலிஃபாக்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நான் அதே ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள். இருவருக்கும் வயது ஐம்பத்து நான்கு. கணவன்மார் இருவரும் போய்விட்டார்கள்: அவளுடையவர் யோகாசனப் பயிற்சியாளர் ஒருத்தியோடு, என்னுடையவர் மாரடைப்போடு. அந்த மாரடைப்பில் எனக்குப் பங்கில்லை; அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்தோறும் மாலை நான்கு மணிக்கு அவள் என் அடுக்களை மேசைக்கு வருவாள். வரைபடத்தை விரிப்போம். எந்தத் தேவாலயம் எத்தனை மணிக்குத் திறக்கும், காலை உணவில் முட்டை உண்டா என்று வாதிடுவோம். அந்த இரண்டு மணி நேரத்திற்காகவே வாரத்தின் மற்ற நாள்களை நான் பொறுத்துக்கொண்டேன்.

முதலில் ப்ரூஜ். புறப்பட ஒரு வாரம் இருக்கையில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. போய்வந்துவிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை எதைப் பேசுவது? ஆகவே அவள் கைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, என் உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்தின் அடியில் வைத்தேன். அவள் தன் வீட்டையே புரட்டிப் போட்டாள். தேடுவதற்கு நானும் உடன் சென்றேன். ஆபத்தில் உதவாதவள் தோழியா?

அடுத்தது வியன்னா. அவள் நாய்க்கு உலர்திராட்சை கேக் பாதி ஊட்டினேன். நாய்களுக்கு அது நஞ்சு. எனினும் நாய் பிழைத்துக்கொண்டது. நான் கொடியவள் அல்லள். பயணத்தை நிறுத்துவதற்கு வேண்டிய அளவே கொடுத்தேன்.

அதன்பின் செவில். இம்முறை நாயைக் காவல்காக்க, அவள் தாயார் திருமதி ஓல்ராய்ட் வந்து தங்கினார். எண்பத்தொரு வயது, நாக்கில் மட்டும் முதுமை தட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை எங்களோடு வந்தமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"நீங்க ரெண்டு பேரும் ஊர் பார்க்கப் போற ஜென்மங்களே இல்லடி. ஒரு அவிச்ச முட்டைக்கு ஒரு மாசம் சண்டை. பாருங்க, உங்களுக்கு முன்னாடி என் சவப்பெட்டி வெளியூர் போயிடும்."

அவர் வாக்குப் பலித்தது. பெவர்லி வீட்டு மாடிப்படி விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்த பித்தளைக் கம்பி ஒன்றை நான் கழற்றி வைத்தேன். அவர் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, மூன்று வாரத்தில் காலமானார். குடும்பக் கல்லறை வெளியூரில், லீட்ஸில் இருந்தது.

இறுதிச் சடங்கிற்கு வந்தவர்களுக்கெல்லாம் நானே சாண்ட்விச் செய்தேன். பெவர்லி என் தோளில் சாய்ந்து, "இனிமே எனக்குன்னு நீ மட்டும்தான்டி இருக்கே" என்றாள். ஆறுதலாக இருக்கட்டுமென்று போர்ச்சுகலின் போர்ட்டோ நகரைப் பற்றிக் கூறினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அங்கே அறையில் கெட்டில் இருக்குமா என்று கேட்டாள். அதைவிட நிறைவான ஒரு நாளை நான் கண்டதில்லை.

போர்ட்டோ எட்டு மாதம் நீடித்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வரைபடத்தின்மேல் இரண்டு விமானச் சீட்டுகளை வைத்தாள்.

"உன்னை நம்புனா கிழவியாகித்தான் கிளம்பணும். நானே வாங்கிட்டேன், வெள்ளிக்கிழமை காலைல ஃப்ளைட். இன்னொண்ணு, திரும்பி வந்ததும் போர்த்துகீசிய வகுப்புல சேர்றேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு. நீயும் வாயேன்டி."

என்னையும் அழைத்தாள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவ்வகுப்பில் இருபது பேர் இருப்பார்கள்.

வியாழனன்று பயணப் பெட்டியை இறக்க அவள் வீட்டிற்குச் சென்றேன். அவள் பரணில் ஏறினாள். மேலிருந்து குரல் வந்தது:

"ஜில், ஏணியைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்டி."

பொய்யில்லை. பிடித்தபடியேதான் அதனை இரண்டடி தள்ளி வைத்தேன். அவள் பெட்டியை அணைத்தவாறு பின்புறமாக இறங்கினாள். வலக்கால் கீழே வந்து படியைத் தேடியது. இல்லாத படியை ஒரு கால் எத்துணை நம்பிக்கையோடு தேடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன். விழும்முன் அவள் ஒருமுறை குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். ஆம்புலன்ஸை நான் உடனே அழைத்தேன். அதில் ஒரு நிமிடத் தாமதமும் இல்லை.

இனி அவள் நடக்கமாட்டாள் என்கிறார்கள். ஏணியை நான் நகர்த்தியதாக அவள் உங்களிடம் சொன்னது உண்மையே. மற்ற மூன்றும் அவளுக்குத் தெரியா. பதிவு முழுமையாக இருத்தல் வேண்டும் என்பதால் நானே சொல்கிறேன். என் முகத்தில் இனி விழிக்கவே விரும்பவில்லை என்றாளாம். ப்ரூஜ் நின்றபோதும் இரண்டு நாள் எவரோடும் பேசாமல் இருந்தவள்தான். தணிந்துவிடுவாள்.

இந்தத் தாளை அவளிடம் சேர்ப்பித்துவிடுங்கள். அடுத்தது லியுப்லியானா. பழைய நகரம் பெரும்பாலும் சமதளம். விடுதியில் மின்தூக்கி உண்டு. குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அவள் ஆர அமரப் படிக்கட்டும். அவசரமில்லை, இப்போதுதான் எங்கள் இருவருக்கும் நேரம் நிறைய இருக்கிறதே.