நான்காவது கண்ணாடி

அவையின் நடுவே அமர்ந்து நம் மாவட்டத்தின் இந்த நூற்றாண்டு விழாவை நடத்தித் தரும் மாவட்டக் குழுத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுமையும் முழுமையுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! மூன்று நாள் ஓயாத மழையிலும் மடியில் மழலைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! விருந்தினரை வரவேற்று வாழும் விடுதிக்காரர்களே! மலைப்பாதையில் எங்கள் உயிரைச் சுமந்து செல்லும் வண்டிக்காரர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் இளைஞர்களே!

இந்த இடத்தில் வணக்கம் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் இன்று கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். மறதியல்ல. காரணம் உண்டு.

நான் பேச்சாளன் அல்லன். சாலைத் துறை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவன். கோடு தவறினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். மேடையில் சொன்ன சொல்லை எதைக் கொண்டு அழிப்பது? என்ன தம்பி? தண்ணீரா? குடித்துவிட்டேன். குவளை ஆடியதைப் பார்த்தீர்கள். கைதான் ஆடியது என்று நானும் நம்ப விரும்புகிறேன்.

எனக்குத் தந்த தலைப்புகள் மூன்று. வரலாறு, வனப்பு, வளர்ச்சி. வரிசைப்படியே வருகிறேன். வரிசை தவறினால் எனக்கு மூச்சு முட்டும்.

வரலாறு என்ன சொல்கிறது? நாம் கல்லால் பிறந்தவர்கள் என்கிறது. இந்த மலையைக் குடைந்து கூரைக்கான கற்பலகை எடுத்தோம். நம் முன்னோர் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வெட்டிய கல், எங்கெங்கோ இருந்த நகரங்களுக்குக் கூரையானது. ஊருக்கெல்லாம் கூரை தந்தோம். நம் வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைத்தோம்! ஒரு வண்டி நல்ல கல் எடுத்தால் பத்து வண்டி உதவாக் கல்லும் மண்ணும் மிஞ்சும். அந்தப் பத்து வண்டி எங்கே போயிற்று? மலையின் தோளுக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. அதில் ஓர் ஊற்று இருந்தது. அதன் தலையில் கொட்டினார்கள். அறுபது ஆண்டுகள் கொட்டினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலதிகாரி என் மேசையில் பழைய படம் ஒன்றை விரித்தார். "அந்த ஊத்துக்கு ஒரு சின்ன வட்டம் போடுப்பா" என்றார்.

"சார், அங்க ஊத்தே இல்லையே. மண்ணு மூடிக் கெடக்குதே."

"மூடுனா செத்துப் போயிடுமா? உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும். நீ வட்டத்தப் போடு."

போட்டேன். பட்டாணி அளவு வட்டம். அந்த வட்டத்தின் மேல்தான், அன்பர்களே, இந்த மண்டபம் நிற்கிறது.

அடுத்தது வனப்பு. இதோ, என் வலப்பக்கம், தரையிலிருந்து கூரை வரை சாளரம். மழை இல்லாத நாளில் இதன் வழியே ஏழு மலைமுகடுகள் தெரியும். சென்ற கோடையில் இங்கே நின்ற ஒரு சுற்றுலாக்காரர், "எங்க ஊர்ல இவ்ளோ வானம் கெடையாதுங்க" என்றார். வானத்தையே காட்சிப்பொருளாக்கிய மாவட்டம் வேறு எது?

வளர்ச்சி? கற்சுரங்கம் மூடிய அன்று இங்கே இருந்தவை மூன்று விடுதிகள். இன்று நாற்பத்தொன்று. வேலை தேடி வெளியே போன பிள்ளைகள் திரும்பி வந்து ரொட்டிக் கடை வைத்தார்கள், வண்டி வாங்கினார்கள், மலையேற வழிகாட்டினார்கள். என் மகள் இந்த மண்டபத்தின் நுழைவுச்சீட்டு அறையில்தான் வேலை செய்கிறாள். ஆகவே இந்த மண்டபத்தைப் பழிக்க வந்தவன் என்று யாரும் எண்ண வேண்டாம். இதன் சோற்றை நானும் உண்கிறேன்.

இங்கே என் தாள் முடிகிறது. எழுதி வராததை இனிச் சொல்கிறேன்.

எனக்குப் பின்னால், இந்தத் திரைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கும் அறை ஒன்று உண்டு. அதன் சுவரில் மூன்று மாதத்துக்கு முன் ஒரு விரிசலைக் கண்டேன். தலைமுடி அளவு. அலுவலகத்தில் கற்ற எளிய வழி ஒன்று எனக்குத் தெரியும். விரிசலின் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டை இருபுறமும் சாந்து பூசி ஒட்ட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான். யாரும் கேட்காமல் நானே ஒட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் உடைந்தது. நான் என்ன நினைத்தேன்? சுவர் நகர்ந்தது என்றா? இல்லை. என் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது ஒட்டினேன், பன்னிரண்டே நாள். பூச்சு சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாவது ஒட்டினேன், ஒரு வாரம் தாங்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்:

"என்னங்கய்யா, வாராவாரம் கண்ணாடி வாங்குறீங்க? வீட்டுல அம்மா தூக்கி அடிக்கிறாங்களா?"

"இல்லப்பா, நான் ஒட்டுறதுதான் நிக்கமாட்டேங்குது."

"அப்ப தடிசா ஒண்ணு தர்றேன். இடியே விழுந்தாலும் அசையாது."

வாங்கினேன். ஒட்டினேன். நாற்பது நாள் உடையவில்லை. நாற்பது இரவு நிம்மதியாக உறங்கினேன். என்ன மடமை, அன்பர்களே! வாயில்லாச் சுவர் மூன்று முறை வாய் திறந்து பேசியது. நான் அதன் வாயைத் தடித்த கண்ணாடியால் அடைத்துவிட்டு, அமைதி அமைதி என்று மகிழ்ந்தேன்.

இன்று காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த நான்காவது கண்ணாடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

தலைவரிடம் ஓடினேன். தலைவர் என் மனைவியின் தம்பி. அதை மறைத்துப் பயனில்லை.

"மச்சான், விழாவ பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவோம்."

"அத்தான், மெதுவா பேசுங்க. ஒரு கண்ணாடி ஒடஞ்சதுக்கு முந்நூறு பேரக் கலைக்கச் சொல்றீங்களா?"

"நீயே வந்து பாரேன்."

"உங்க கையே ஆடுது, நீங்க ஒட்டுன கண்ணாடி ஆடாதா? போயி நல்லபடியா பேசிட்டு வாங்க."

தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டேன். ஏன்? அவர் சொன்னதை மூன்று முறை எனக்கு நானே சொல்லியிருந்தேன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யாரது, பின்னாலிருந்து? நிபுணர் யாராவது பார்த்தார்களா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நிபுணர் அடுத்த வாரம் வருகிறார். மழை இந்த வாரமே வந்துவிட்டது.

நான் கோழைதான். காற்றில் கறிவேப்பிலைச் செடி அசைந்தாலும் திருடன் என்று எழுந்து உட்காருபவன்; என் மனைவி சாட்சி. ஆனால் கேட்கிறேன்: கோழை கத்தினால் நெருப்பு சுடாதா? நடுங்கும் கை காட்டினால் பள்ளம் மேடாகிவிடுமா? என் அச்சம் பொய்த்தால் நாளை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். சிரிப்பதற்கு நீங்கள் எல்லோரும் இருப்பீர்கள். அது மெய்த்தால் சிரிப்பதற்கு யார் இருப்பார்கள்?

மேடைக்கு இடப்பக்கக் கதவைப் பாருங்கள். காலையில் ஒற்றைக் கையால் திறந்து உள்ளே வந்தேன். நான் பேசத் தொடங்கிய பிறகு மின்விளக்குக்காரர் இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டார், திறக்கவில்லை. கதவுக்குமா கை நடுங்குகிறது?

தலைவர் எழுகிறார். பேச்சை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை, கதவிடம் போகிறார். தள்ளுகிறார். தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். கோணிப்போன நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்க்கிறார். திரும்புகிறார்.

என்ன தலைவரே? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"அத்தான்... அனுப்புங்க."

கேட்டீர்கள் அல்லவா? இதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் பன்னிரண்டு நிமிடம் சுற்றி வளைத்தேன். அது என் குற்றம். இனி ஒரு நிமிடமும் வீணாக்க மாட்டேன். வரவேற்றபோது மேடையிலிருந்து தொடங்கினேன். வழியனுப்பும்போது கதவிலிருந்து தொடங்குகிறேன்.

கடைசி வரிசை இளைஞர்களே, முதலில் நீங்கள். உங்கள் பக்கத்துக் கதவு இரண்டையும் அகலத் திறந்து பிடியுங்கள். ஓட வேண்டாம், தள்ள வேண்டாம், குடை தேட வேண்டாம். வண்டிக்காரர்களே, வண்டியை எடுக்காதீர்கள்; நடந்து போங்கள். எல்லோரும் மேலே பேருந்து நிலையத்துக்கு. அது பாறைமேல் நிற்கிறது. அதன் படத்தை நான்தான் வரைந்தேன்; என் வாழ்நாளில் நான் சந்தேகப்படாத ஒரே கோடு அது. விடுதிக்காரர்களே, ஆளுக்கொரு தாயின் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மார்களே, செருப்பு போனால் போகட்டும். சீட்டு அறையில் இருக்கும் மகளே, மேசையைப் பூட்டாதே, வா வெளியே. மச்சான், பெரியவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போ.

ஆம், அப்படித்தான். அழகாகப் போகிறீர்கள். மூன்றாம் வரிசையில் இன்னும் ஒருவர் அமர்ந்திருக்கிறார். மடியில் இரண்டு குடை. நான் இறங்காமல் எழ மாட்டேன் என்று கண்ணாலேயே சொல்கிறார். நாற்பத்தைந்து ஆண்டாக அந்தக் கண்ணோடு நான் வாதாடி வென்றதில்லை. இதோ, இறங்கிவிட்டேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கத்தைப் பாறைமேல் நின்று சொல்கிறேன். ஒருவர் குறையாமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.