கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்

சத்யப்ரியா, வயது 33, கணவர் பெயர் பலராமன், பள்ளிக்கூடத் தெரு, ஆரணி நகரம், திருவண்ணாமலை மாவட்டம். காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். செய்யாரில் உள்ள காலணிக் கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது. இரண்டாம் முறை வெளியூரில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தபோது மயக்க மருந்து சரியாகப் பிடிக்காமல் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது. அன்று முதல் ஆஸ்பத்திரி வாடை வந்தாலே எனக்குக் கைகால் சில்லிட்டுப்போகும்.

அதற்கு முன்பெல்லாம் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் என் கணவர் எனக்காகக் காத்திருப்பார். கையில் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) பொட்டலம் இருக்கும். அதன் பிறகு கடையில் வேலை அதிகம் என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டார். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. பஸ் ஊருக்குள் நுழையும்போது எழுந்து நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் பழக்கம் மட்டும் எனக்கு விடவில்லை.

சென்ற வியாழக்கிழமை காலை நானும் என் கணவரும் நகரில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கரு ஏன் தங்கவில்லை என்று அறிய, கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு உள்தோலில் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று பெண் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் முன்பு பட்டதைச் சொல்லி, மயக்க மருந்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன். இது சின்ன வேலை, மாதவிலக்கு வலி மாதிரிதான் இருக்கும், அதற்கெல்லாம் மயக்கம் தேவையில்லை என்றார். வலி மாத்திரையும் கொடுக்கவில்லை. என் கணவர் கூட இருக்கலாமா என்று கேட்டேன். ஆண்களை உள்ளே விடுவதில்லை என்றார். என் கணவர் வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு என்னை மேஜையில் படுக்கவைத்தார்கள். நர்ஸ் நான்சி என் தலைமாட்டில் நின்றார். நான் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்துத் தன் கையை எடுத்து என் கையில் வைத்து, “அக்கா, மூச்ச மெதுவா வாய் வழியா விடுங்க, என்னப் பாருங்க” என்றார். அந்த இடத்தில் என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான். அதன் பிறகு வலி அடிவயிற்றில் பிடித்து முதுகுவரை போனது. வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். கொஞ்சம் நிறுத்தலாமா என்று நான்சியும் கேட்டார். மருத்துவர் நிறுத்தவில்லை.

“பாதியில வுட்டா திரும்பப் பண்ணணும். புள்ள வேணும்னா தாங்கிகினுதாம்மா இருக்கணும்” என்றார்.

அப்போது நான் “பலராமா” என்று கத்திக் கூப்பிட்டேன். அதற்கு முன் நான் என் கணவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏங்க என்றுதான் அழைப்பேன். அதன் பிறகு அவர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். வரவேற்பில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. நான்சி என் கையை விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கப் போனார். அதே நேரத்தில் என் கணவர் கதவின் கண்ணாடியைக் கையால் அடித்ததில் அது உடைந்து நான்சியின் முன்கையைக் கிழித்துவிட்டது. உள்ளே வந்த என் கணவர், பாதியிலேயே குழாயை எடுத்துவிட்டு விலகி நின்ற மருத்துவரைத் திட்டினார். அடிக்கவில்லை, தொடவுமில்லை. போர்வையை எடுத்து என் இடுப்புக்குக் கீழே மூடினார். அவர் கையிலும் ரத்தம் வந்தது. அந்தக் கையாலேயே என் தலையைப் பிடித்துக்கொண்டு, “இங்கதான் கீறேன் சத்யா” என்றார். அதன் பிறகு போலீசார் வந்து அவரை அழைத்துப்போனார்கள்.

அன்று மாலை என் கணவரின் அண்ணன் முத்துவேல் வீட்டுக்கு வந்து, நர்ஸ் என்னை அறைந்ததாகச் சொன்னால் வழக்கு நிற்காது, தம்பி வெளியே வந்துவிடுவான் என்றார். நான் சம்மதிக்கவில்லை. நான்சி என்னை அறையவில்லை. மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். கையில் தையல் போட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “வேலூர்ல மயக்கம் குடுத்துப் பண்றாங்கக்கா. அங்க போங்க. பயமா இருக்குதுன்னு மொதல்லயே சொல்லுங்க” என்றார். போகத்தான் இருக்கிறேன். எனக்குக் குழந்தை வேண்டும். என் கணவர் வெளியே வந்த பிறகு அவரோடுதான் போவேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதியபோது, நான் வலி தாங்காமல் கூச்சலிட்டேன் என்றும், அதைக் கேட்டு என் கணவர் ஆத்திரத்தில் உள்ளே புகுந்தார் என்றும் முதலில் எழுதப்பட்டது. அதை மாற்றச் சொன்னேன். நான் கூச்சலிடவில்லை, அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டால் வருவாரா என்று வெகுகாலமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. அவர் வந்தார். கண்ணாடியை உடைத்ததும் நான்சிக்குக் காயம் பட்டதும் தப்புதான். வந்தது தப்பு என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) ப. சத்யப்ரியா