பனியே பார்க்காதவன் சொன்ன யோசனை

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இன்ஜினியரிங் பசங்க. கண்ணாடி போட்டவன் செம கடுப்பில் இருந்தான்.

“மச்சி, நம்ம சேகர் ஃப்ரிட்ஜ்ல இருக்கற ஐஸத் தவிர பனியே பாத்ததில்ல. பிரௌசிங் சென்டர்ல உக்காந்துக்கினு, இன்டர்நெட் குரூப் ஒண்ணுல, லாரி முன்னாடி மாட்டி பனிய வாரி எறியற மெஷினுக்கு கனடாக்காரனுக்கு அட்வைஸ் குடுக்கறான்டா!”

“இன்னா சொன்னான்?”

“மெஷின் வாய்ல பனி ஒட்டிக்குதாம். பலாப்பழம் அறுக்கற கத்திக்குத் தடவற மாதிரி எண்ணெய் தடவுன்னான். அந்தாளும் தடவிட்டு, இப்ப ஒட்டலன்றான். அதே குரூப்ல நான் புக்கு பாத்து ஒரு பக்கம் எழுதினேன், ஒருத்தனும் மதிக்கல.”

“வயிறு எரியுதா? ‘இவன் பனியே பாத்ததில்ல, நம்பாத’ன்னு போட்டுக் குடுத்துடு.”

“குடுத்துட்டேன் நைனா. ‘பாக்காமயே இவ்ளோ தெரியுதா? எங்க கம்பெனிக்கு வேலைக்கு வரானா கேட்டுச் சொல்லு’ன்னு அந்த கனடாக்காரன் எனக்கே பதில் போடறான்.”