‘ஜன்னல் மட்டும்’ படத்தின் தயாரிப்பாளர் கைரியா ஹாஷிம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முனாப் ஆசிரியர் அவர்களே, மகளைப் பறிகொடுத்த துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் ஹாஷிம் ஹாஜியார் அவர்களே, உம்மு குல்சும் உம்மா அவர்களே, கடுகண்ணாவையிலிருந்தும் பல்லேகலையிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்து மண்டபத்தின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே! முன்வரிசையில் நிறையக் கதிரைகள் காலியாக இருக்கின்றன. தயவுசெய்து வந்து உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்த பிறகு நான் பேசுகிறேன். இது கைரியாவுக்கான கூட்டம். இங்கே நீங்கள் நிற்க, மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர் பொறுத்திருக்கமாட்டார்.

நன்றி.

என் பெயர் காளிமுத்து. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஒலிப்பதிவு என் தொழில். பேசுகிறவர்களுக்கு மைக் பிடித்துத்தான் பழக்கம், மைக்குக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் கைரியா ஹாஷிம்! முப்பத்தைந்து வயது. டெங்குக் காய்ச்சல் ஆறே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்றோடு இருபத்திரண்டு நாள். இந்த இருபத்திரண்டு நாளும் நான் தூக்கத்தில் நடக்கிறவனைப் போலத்தான் இந்தக் கண்டி நகரத்தில் நடக்கிறேன். வாவிக்கரையில் பனி இறங்குகிறது. அந்தப் பனிக்குள் முக்காடு போட்ட யாரோ ஒருவர் வேகமாக நடந்து போகிறார். “கைரியா!” என்று கூப்பிட வாய் திறக்கிறேன். திரும்பிப் பார்ப்பது வேறு யாரோ. எத்தனை தடவை இப்படி ஏமாறுவது, சொல்லுங்கள்!

நாங்கள் மூன்று பேர். கைரியா, மஹ்மூத், நான். 2011ஆம் ஆண்டு, கண்டியில் ஊடக டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தோம். இறுதித் தேர்வுக்கு ஒவ்வொரு குழுவும் ஓர் ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம். வீடில்லாதவர்களைப் பற்றி எடுப்போம் என்றார் கைரியா. அவர் தயாரிப்பாளர், மஹ்மூத் கமெரா, நான் ஒலி. மஹ்மூத் இப்போது கட்டாரில் இருக்கிறார். வர முடியவில்லை என்று நேற்று தொலைபேசியில் அழுதார். நான் சொல்லப்போவதையெல்லாம் அவருக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஏனென்றால் இதில் எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை தராத ஒரு பகுதி இருக்கிறது.

முதல் நாள் காலையில் குட்ஷெட்டுக்குப் போனோம். பஸ் நிலையத்தின் ஓரத்தில் ஒருவர் உரப்பையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மஹ்மூத் கமெராவோடு குனிந்து அவருடைய காலை எடுத்தார், கையை எடுத்தார், முகத்தை எடுத்தார். நான் மூச்சுச் சத்தத்தைப் பதிவுசெய்தேன். எவ்வளவு நல்ல காட்சி கிடைத்துவிட்டது என்று எங்களுக்குச் சந்தோஷம்! அவர் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, தூங்குறதக்கூட வுட்டு வைக்க மாட்டீங்களா?” என்றார்.

அவர் கறுப்பையா. பேக்கரியில் வேலை செய்தவர். கைரியா அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மஹ்மூதிடமிருந்து கமெராவை வாங்கினார். கறுப்பையாவின் கண் முன்னாலேயே எடுத்த அத்தனையையும் அழித்தார்.

“மன்னிச்சுக்கங்க. கேக்காம எடுத்தது எங்கட பிழை” என்றார்.

அதன்பிறகு பதினொரு நாள் கமெராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. எங்களுக்கோ அவசரம்! மற்றக் குழுக்கள் படத்தொகுப்புக்கே போய்விட்டன. கைரியா தினமும் குட்ஷெட்டுக்குப் போவார், தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார், தானும் குடிப்பார், பேசிக்கொண்டிருப்பார். “வீடு எப்படிப் போச்சு?” என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு என்னதான் கேட்டார்? அதைச் சொல்வதற்கு முன், இன்னொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

மூன்றாவது வரிசையில், சாம்பல் நிறச் சேலையில் அமர்ந்திருக்கிறார் வீரம்மா அம்மா. அவருடைய பெயரை இந்த மேடையில் சொல்லலாமா என்று நேற்று அவரிடமே கேட்டேன். கைரியாவோடு வேலை செய்தவன் கேட்காமல் சொல்வேனா? “சொல்லு தம்பி, எல்லாத்தையும் சொல்லு. இப்ப எனக்கு என்ன வெக்கம்?” என்றார்.

வீரம்மா அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்தார், இவர் நோயில் விழுந்தார், வேலைக்குப் போக முடியவில்லை. “பேர் வெட்டிட்டாங்க, காம்பராவையும் எடுத்துக்கிட்டாங்க” என்று ஒரே வரியில்தான் அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னார். வேலைப் பதிவிலிருந்து நீக்குவதைத்தான் பேர் வெட்டுவது என்பார்கள்; தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையைத்தான் எங்கள் பக்கத்தில் காம்பரா என்போம். அதற்குப் பிறகு அவர் தங்கியது பஸ் நிலையத்தில்.

ஒருநாள் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார்: “ராத்திரிக்கு ராத்திரி எனக்கு ஒரே கனவு, பாப்பா. ஒரு ஜன்னல் வருது. வூடு இல்ல, சுவரு இல்ல, கூரையும் இல்ல. ஜன்னல் மட்டும் நிக்குது. நான் துணியால தொடைக்கிறேன். தொடைக்கத் தொடைக்க மலை தெரியுது. கொழுந்து வாசம் வருது. அப்புறம் மொத பஸ்ஸு ஹார்ன் அடிச்சிருவான்.”

கைரியா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். படம் அவருக்குக் கிடைத்துவிட்டது! அன்றிலிருந்து எல்லோரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “கனவுல நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க?” எப்படிச் சொன்னார்கள் தெரியுமா, நண்பர்களே! கறுப்பையா அண்ணன் கனவில் அடுப்பிலிருந்து பாண் எடுக்கிறார், அந்த அடுப்புக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு, ஏறிப் போனால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் சிறு வயதிலேயே இருக்கிறார்கள், வளரவே இல்லை. இன்னொருவர், தனக்குக் கனவே வருவதில்லை, பக்கத்தில் படுப்பவரின் கனவைத் தினமும் கேட்டுத் தெரிந்துகொள்வதாகச் சொன்னார். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தக் குரல்களைக் கேட்டேன். பஸ்களின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். குட்ஷெட் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத வீடுகள் எழும்பி நிற்பதைப்போல இருக்கும்.

படம் முடிந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு நிமிடம் வீரம்மா அம்மாவின் முகம். அப்படியொரு முகம்! பார்த்தவர்கள் எல்லோரும் முதற்பரிசு உங்களுக்குத்தான் என்றார்கள்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் வீரம்மா அம்மா எங்களைத் தேடி வந்தார். உட்காரவில்லை.

“பாப்பா, என் மகன் பல்லேகல ஃபெக்டரியில வேல செய்யிறான். அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. நான் கண்டியில ஒரு வூட்டுல சமையல் வேல செய்யிறேன்னு தான் அவன்கிட்ட சொல்லியிருக்கேன். அவனுக்கே தெரியாது. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டா? என் மூஞ்சி வேணாம் பாப்பா.”

அவர் போன பிறகு மஹ்மூத் சம்மதப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். “கைநாட்டு வச்சிருக்காங்க. இனி நாங்க என்ன செய்ற?” என்றார். நானும் மஹ்மூத் பக்கம்தான் நின்றேன். ஆம், நண்பர்களே, நான்தான்! அதே மாதிரி ஒரு காம்பராவில் பிறந்து வளர்ந்த நான், “யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுவிடுவோம்” என்றேன். பதின்மூன்று வருடமாக அந்தச் சொல் என் நெஞ்சில் கிடக்கிறது.

கைரியா எங்களைத் திட்டவில்லை. அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். “இந்தத் தாள் எங்கட பாதுகாப்புக்கு. அவங்கட பாதுகாப்புக்கு என்ன ஈக்கி?” என்று கேட்டார்.

அன்று மாலையே ஏழு நிமிடத்தையும் வெட்டி எடுத்தார். குரல் மட்டும் இருந்தது. அதையும் வீரம்மா அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, “இது இருக்கலாமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் அவர். திரையிலோ ஏழு நிமிடம் வெறும் கறுப்பு. இரவல் வாங்கியிருந்த கமெராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காலை.

அந்தக் காலையில், திரையின் கறுப்பை நிரப்ப, நாங்கள் ஜன்னல்களைப் படமெடுக்கப் புறப்பட்டோம். யாருடைய ஜன்னல் என்றாலும் கதவைத் தட்டிக் கேட்ட பிறகுதான். அப்படியொரு பனி அதற்குமுன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வீடுகள் மறைந்துவிட்டன. கூரைகள் இல்லை, சுவர்கள் இல்லை. பனிக்குள் ஜன்னல்கள் மட்டும் மஞ்சளாக மிதந்தன. ஒரு ஜன்னலில் பூனை. ஒரு ஜன்னலில் தலை துவட்டுகிற பெண். வீரம்மா அம்மாவின் கனவுக்குள் யாரோ எங்களைக் கூட்டிக்கொண்டு போவதைப்போல இருந்தது.

இன்னும் ஒரு ஜன்னல் வேண்டும் என்றார் கைரியா. மலை தெரிகிற ஜன்னல்.

நான் சொன்னேன்: “எங்கள் வீட்டில் இருக்கிறது.”

நண்பர்களே, அந்த இரண்டு வருடமும் நான் எங்கே இருக்கிறேன் என்று வகுப்பில் யாருக்கும் சொன்னதில்லை. “டவுனுக்குப் பக்கத்தில்” என்பேன். லயத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வெட்கம். அன்றுதான் முதல் தடவையாக ஹந்தானை ஏற்றத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் காம்பராவுக்கு முதலில் ஜன்னல் கிடையாது. என் அப்பா தோட்டத்து நிர்வாகத்திடம் கேட்காமல் தானே சுவரை உடைத்து வைத்த ஜன்னல் அது. அம்மா உள்ளேயிருந்து அதைத் திறந்தார். அடுப்புப் புகை வெளியே வந்தது, பனி உள்ளே போனது. இரண்டும் கலந்த இடத்தில் மலை மெல்ல மெல்லத் தெரிந்தது. மஹ்மூத் எடுத்தார். நான் மைக்கைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

கைரியா அம்மாவிடம் போய், “எடுத்தது சரியா? பிடிக்காட்டிச் சொல்லுங்க, அழிச்சிடுறன்” என்றார்.

“எங்க வூட்டு ஜன்னலயா கேக்குறீங்க? நல்லா எடுங்க, பாப்பா” என்றார் என் அம்மா.

பரிசு கிடைத்ததா? கிடைக்கவில்லை! முகமே இல்லாத ஆவணப்படமா என்று கேட்டார் தேர்வாளர். சித்தியடைந்தோம், அவ்வளவுதான். திரையிடலைப் பின்வரிசையில் இருந்து பார்த்த வீரம்மா அம்மா மட்டும், “என் கொரலு இவ்வளவு நல்லாருக்கும்னு எனக்கே தெரியாது” என்றார். கைரியா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அதைவிடப் பெரிய பரிசை நான் எங்கேயும் கண்டதில்லை.

கதை அங்கே முடியவில்லை. கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் தாயார் முகவரி போட வேண்டும். வீரம்மா அம்மாவுக்கு ஏது முகவரி? “எங்கட வீட்டு முகவரியப் போடுங்க” என்றார் கைரியா. “பொய் சொல்ல வேணாம் பாப்பா” என்றார் வீரம்மா அம்மா. அதற்கு அவர் சொன்னது: “பொய் இல்ல. இண்டைக்கே பையை எடுத்துக்கிட்டு எங்கட வீட்டுக்கு வாங்க. அப்ப அது உண்மையாகிடும்!”

அப்படியே கடுகண்ணாவைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹாஜியார் வாசலில் நின்றார். மகள் முன்பின் சொல்லாமல் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார். ஒரு கேள்வி கேட்டாரா? “மேல் அறையில காத்து நல்லா வரும்” என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டிலிருந்துதான் வீரம்மா அம்மா மகனின் கல்யாணத்துக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்துப் பல்லேகலையில் ஒரு மண்டபத்தில் அந்தப் படத்தைக் காட்டினோம். வீரம்மா அம்மா மகனையும் மருமகளையும் தானே கூட்டி வந்தார். இரண்டாவது வசனத்திலேயே மகனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போனார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார், உள்ளே வரவில்லை. மருமகள்தான் வந்து, “அத்தை, ஒங்க பையெல்லாம் எங்க இருக்கு? நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றார். இன்று அந்த இரண்டு பேரும் வீரம்மா அம்மாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கைரியா கல்யாண வீடியோக்களைத் தொகுத்துப் பிழைத்தார். பெரிய படம் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் குட்ஷெட்டில் இருந்தவர்களுக்கு அவர் செய்தது என்ன? கடிதம் வருவதற்கு ஒரு முகவரி கொடுத்தார். வைத்தியசாலை அறிவித்தலா, பிள்ளைகளின் கடிதமா, அடையாள அட்டைக் கடிதமா, எல்லாம் கடுகண்ணாவை வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்துக்கொண்டு குட்ஷெட்டுக்குப் போவார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார். பதின்மூன்று வருடம்! மழையென்று ஒரு ஞாயிறு நின்றிருப்பாரா?

இரண்டாவது படம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். அந்தக் கடிதங்களைப் பற்றியது. பாதிதான் எடுத்திருக்கிறோம். இந்தச் சபையில், அவருடைய உம்மாவின் முன்னால், வாப்பாவின் முன்னால் சொல்கிறேன். அந்தப் படத்தை மஹ்மூதும் நானும் முடிப்போம். கேட்காமல் ஒரு முகத்தையும் எடுக்கமாட்டோம். எடுத்த பிறகு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் வெட்டுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்ஷெட்டுக்கு நான் வருவேன்.

கடைசியாக ஒன்று. இன்று காலை ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “காளிமுத்து, நேத்து தபால்காரர் ஒரு கடிதத்தோட வந்தார். மகள் இல்லையே, இதைத் திருப்பி அனுப்பவா எண்டு கேட்டார். திருப்ப வேணாம், இது தான் அவங்கட வீடு எண்டு சொல்லிட்டு நான் வாங்கி வச்சீக்கிறன்.”

குட்ஷெட்டிலிருந்து வந்திருக்கும் இருளப்பன் அண்ணே, நீங்கள் இந்த மண்டபத்தில் எங்கே இருந்தாலும், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். ஹாஜியாரின் சட்டைப்பையில் உங்களுக்கு ஒரு கடிதம் இருக்கிறது.