பதினொண்ணு யாரு?

ஹலோ... ஹலோ, நான்தான். வெச்சுடாதே. ... இல்ல இல்ல, வக்கீல் விஷயம் இல்ல. அது மூணு மணிக்குத்தானே. ... காலேஜ்லதான் இருக்கேன். ... ஆமா, ஆமா, கிளாஸ் நேரம்தான். பாதியில விட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

... அழலை. சளி.

சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. நெட்வொர்க் லேபை ஒட்டினாற்போல ஒரு பொட்டு அறை. உயிர்போன மானிட்டர்களும், சுருள் சுருளாய் நீல வயர்களும் அடைந்து கிடக்கும். அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு சிபியூ மேல் உட்கார்ந்திருந்தாள் அவள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு நிறைய இரண்டாம் வருஷப் பிள்ளைகள். போன செமஸ்டர் வரைக்கும் அந்தப் பாடத்தை நடத்தியவன்தான் இப்போது போனின் மறுமுனையில் இருந்தான். அவள் புருஷன். முதலில் வேலையை விட்டான், அப்புறம் வீட்டை விட்டான். பாடம் அவள் தலையில் வந்து விழுந்தது. இன்றைக்கு மூன்று மணிக்கு நீதிபதி முன்னால் நின்று, பிரிய சம்மதம் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மிச்சம் மீதியும் முடிந்தது.

சொல்றேன் இரு, சொல்ல விடு. இன்னிக்குத்தான் முதல் கிளாஸ். நெட்வொர்க்கோட அடுக்கெல்லாம் போர்டுல போட்டேன். நீ போடற மாதிரியே, கீழேர்ந்து மேல, கட்டடம் கட்டற மாதிரி. அடியில வயரு, உச்சியில மனுஷன் பாக்கற ஸ்க்ரீன். ... ஏழும் போட்டேன், நத்தை. எனக்கும் ஏழு வரைக்கும் எண்ண வரும்.

... சரி சரி. கூப்பிடல. வாய்ப்பழக்கம், வந்துடுச்சு.

நத்தை என்பது அவள் வைத்த பேர். தட்டில் போட்டது ஆறி அவலாய்ப் போகும் வரைக்கும் மென்றுகொண்டிருப்பான். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில் வரும். காலேஜில் பிள்ளைகள் முன்னால் அவன் 'சார்', அவள் 'மேடம்', வாங்க, போங்க. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினால்தான் 'நீ'யும் 'நத்தை'யும். அந்தப் பேர் நாலு சுவருக்கு வெளியே போனதே இல்லை. அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

அப்புறம் முகவரிக்கு வந்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு நம்பர்னேன். ஒண்ணு பொறக்கும்போதே வர்றது, அது மாறாது. இன்னொண்ணு இருக்கற இடம் குடுக்கறது, இடம் மாறினா அதுவும் மாறிடும். ... நல்லாத்தான் சொன்னேன்! ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, 'இடத்து நம்பர் மட்டும் தெரிஞ்சா ஆளை எப்படி மேடம் கண்டுபிடிக்கும்?'னு. ... அதேதான், அதேதான். நீ காத்துக்கிட்டே இருப்பியே, அந்தக் கேள்வி. தேடற மெஷின் சத்தம் போட்டுக் கேக்கும்னேன். ரூம்ல இருக்கற அத்தனை பேருக்கும் விழற மாதிரி, 'இந்த நம்பர் யாரு?'னு. எல்லாருக்கும் கேக்கும், ஆனா அந்த நம்பர்காரன் மட்டும் 'நான்தான்'னு குரல் குடுப்பான்னேன்.

... காட்டினேன். அங்கதான் வந்தது வினை. என் லேப்டாப்பையே மாட்டி, வயர்ல ஓடறதை அப்படியே பெரிய ஸ்க்ரீன்ல விட்டேன். ... காலேஜ் மெஷின் எந்த ஜென்மத்துல எழுந்திருக்கும்? அதான் என்னோடது.

விட்டா, வரிவரியா ஓடுது. என்ன ஓடிச்சுன்னு சொல்லு பாப்போம். ... இல்ல. ... அதுவும் இல்ல.

'பதினொண்ணு யாரு? பத்துக்குச் சொல்லு.' கொஞ்சம் விட்டு, 'பதினொண்ணு யாரு? பத்துக்குச் சொல்லு.' மறுபடி அதே. மறுபடி அதே.

... ம். பத்து நான். பதினொண்ணு நீ.

வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கே, மாறாதபடி அவன் கையால் போட்ட நம்பர்கள் அவை. "நீ பத்து, நான் பதினொண்ணு. பக்கத்துப் பக்கத்துல" என்று சிரித்தான். இரண்டு பேரும் எடுத்த படங்களெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று தன் மெஷினில் ஒரு பெட்டி திறந்து வைத்தான். அவள் லேப்டாப்பைத் திறந்தால் போதும், அது தானாகவே அந்தப் பெட்டியைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் புழங்கும் இந்த நம்பர்கள் இருக்கின்றனவே, எல்லா வீட்டிலும் அதே நம்பர்கள்தான். உங்கள் வீட்டிலும் ஒரு பதினொண்ணு இருக்கலாம், எதிர்வீட்டிலும் இருக்கலாம், சண்டையே வராது. வாசல் தாண்டும்போது மட்டும் உள் நம்பரைக் கழற்றி வைத்துவிட்டு வெளி நம்பரை மாட்டிக்கொள்ள வேண்டும். லேபிலும் அதே வரிசை நம்பர்கள் என்பதால், பாவம், அந்த மெஷினுக்குத் தான் வீட்டை விட்டு வந்துவிட்டதே தெரியவில்லை.

... அந்தத் தேடலை எடுத்துடலாம்னு தெரியும்! ஒரு கிளிக்கு. அதைக் கேக்கவா உனக்குப் போன் போட்டேன்?

... இரு, இன்னும் இருக்கு. கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன், 'பதினொண்ணு யாரு மேடம்? பாவம், பத்து ரொம்ப நேரமாத் தேடுது'ங்கறான். கொல்லுனு சிரிப்பு. நானும் சிரிச்சேன். சத்தியமா சிரிச்சேன். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. 'பதில் வரலேன்னா எப்போ மேடம் நிறுத்தும்?'னு கேக்கறா.

... சொல்லல. வாயில வரல. ... ம். ... ம். புக்குல இருக்கறது எனக்கும் தெரியும். கொஞ்சம் கேட்டுப் பாக்கும், ஆள் இல்லேன்னு மேல சொல்லிடும். மேல் அடுக்கு திரும்ப வேணும்னா, கீழ திரும்பக் கேக்கும். கீழ இருக்கறதுக்கு எதுக்குக் கேக்கறோம்னே தெரியாது. மேல ஒருத்தி விடாம வேணும் வேணும்னு சொல்ற வரைக்கும்...

... 'ஒருத்தி'ன்னா சொன்னேன்? ஒண்ணு. 'ஒண்ணு'ன்னு சொல்ல வந்தேன்.

... இரு, கதவைத் தட்டறாங்க. வரேண்ணா! வயர் தேடிக்கிட்டு இருக்கேன்! ... லேப் அண்ணன்தான். உள்ள பசங்க கூரையைப் பிரிக்கறாங்களாம்.

... இல்ல, வைக்காதே. முக்கியமானதே இனிமேதான். பதில் வந்தது. ... ஆமா, வந்தது. ஸ்க்ரீன்ல. 'பதினொண்ணு நான்தான்'னு. நீதான் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறேன்னு... ஒரு நொடி. ஒரே ஒரு நொடி நிஜமாவே நினைச்சுட்டேன்.

... நீ எங்க வரப்போறே. லேட்டா வந்த ஒரு தடியன். அப்போதான் மெஷினைப் போட்டிருக்கான், சும்மா கிடக்கற நம்பர்தானேன்னு லேப் நெட்வொர்க் அவனுக்குத் தூக்கிக் குடுத்துடுச்சு. எழுந்து நின்னு கையைத் தூக்கி, 'பதினொண்ணு நான்தான் மேடம், என்ன வேணும்?'ங்கறான். ... சிரி, சிரி. எல்லாரும்தான் சிரிச்சாங்க.

ஆனா ஒண்ணு பாத்தியா? பதில் வந்த உடனே அது கேக்கறதை நிறுத்திடுச்சு. யாரு சொன்னது, என்ன முகம், ஒண்ணும் பாக்கல. அந்த இடத்துல ஒரு ஆள் இருந்தா போதும் அதுக்கு. ... எனக்குப் போதலை. அதான் வெளிய வந்துட்டேன்.

காலடியில் கிடந்த வயரின் நுனியை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே விட்டாள்.

மூணு மணிக்கு வராதே.

... வராம இருந்துடு. நீ வரலேன்னா தேதி தள்ளிப்போயிடும். ... தெரியும். நான்தான் முதல்ல கையெழுத்துப் போட்டேன். நீ தடுப்பேன்னு நினைச்சுப் போட்டேன்! நீ என்னடான்னா என் கையில இருந்த பேனாவையே வாங்கிப் போட்டே. உன் வாழ்க்கையிலேயே அன்னிக்கு ஒரு நாள்தான் நீ வேகமா ஒரு வேலையைச் செஞ்சே.

... இது கெஞ்சறது இல்ல. ... சரி, கெஞ்சறேன். கெஞ்சறேன்னே வெச்சுக்கோ. நாம சண்டைகூடப் போடலையேப்பா. வயர் மாட்டியிருக்கு, பச்சை லைட் எரியுது, பேச்சுதான் நின்னுபோச்சு. அதை யாராவது பிச்சு எறிவாங்களா? ... ம். ... ம். யோசி. உனக்கு நேரமாகும், எனக்குத் தெரியாதா. யோசி. நான் லைன்லயே இருக்கேன்.

அவன் யோசித்தான். வேண்டாம் என்று சொல்லாமல் யோசித்தான். அந்த மௌனத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உதட்டோரம் லேசாய் ஒரு சிரிப்புகூட எட்டிப் பார்த்தது என்றால் நம்புவீர்களா? அப்போதுதான் அவன் இப்போது குடியிருக்கும், அவள் கண்ணால் பார்த்திராத அந்த வீட்டுக்குள்ளிருந்து, அவனுக்குப் பின்னால் எங்கிருந்தோ, ஒரு குரல் கேட்டது.

... யாரு அது? ... டிவியா? டிவி உன்னைக் கூப்பிடுமா? ... பக்கத்து வீடா. சரி. பக்கத்து வீட்டுக்காரங்க உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?

... கேட்டுச்சு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 'நத்தை, காபி ஆறுது.'

... நீயாத்தானே சொல்லியிருக்கணும்? நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? ... எப்போலேர்ந்துன்னு நான் கேக்கல. சொல்லாதே. கேக்கலேன்னு சொல்றேன் இல்ல, சொல்லாதே! ... பேருமா? ஆமை இருக்கு, அட்டை இருக்கு, ஊர்ப்பட்ட பூச்சி இருக்கு. அவளுக்குன்னு ஒரு பேர் கிடைக்கலையா? நான் வெச்சதுதான் கிடைச்சுதா?

...

...

ம். ... கேக்குது. ... இருக்கேன். ... இல்ல, கோவம் இல்ல.

கதவு மறுபடி தட்டப்பட்டது. விரலில் சுற்றியிருந்த வயரைப் பிரித்துக் கீழே வைத்தாள். எழுந்தாள். புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. பிள்ளைகள் முன்னால் பேசும் குரல்.

மூணு மணிக்கு நீங்க வந்துடுங்க.

... ஆமா. 'நீங்க'ன்னுதான் சொன்னேன். ... நானும் வந்துடறேன். ... வேண்டாம், கூட்டிட்டுப் போக வரவேண்டாம். எனக்கு வழி தெரியும். ... படமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இனிமே தேட மாட்டேன்.

... இதோ வந்துட்டேண்ணா!

... எதுக்குப் பதில்? அந்தப் பொண்ணு கேட்டதுக்கா? எப்போ நிறுத்தும்னு கேட்டாளே, அதுக்கா? ... சொல்லிக்கறேன் சார். இப்போ பதில் தெரிஞ்சுடுச்சு.

... போங்க. காபி ஆறிடும்.

வெச்சுடறேன்.