துண்டு போட்ட இடம்

கணவர்: வீட்டுல வேற குடையே இல்லையா? இந்தப் பழசைப் போய்த் தூக்கிட்டு வந்திருக்க.

மனைவி: மேகமூட்டமா இருந்துச்சு. கைக்கு இதுதான் கிடைச்சுது.

கணவர்: குடு இப்படி. நான் வெச்சுக்கறேன்.

மனைவி: ஸ்கேனுக்குக் குடையோடவா போவீங்க?

டெக்னீஷியன்: சார், முதல்ல கையில ஒரு ஊசி. அந்த மருந்து லேசா கதிர் வீசும். மூளையில எங்க சீட் காலியோ அங்க போய் உட்காரும். படத்துல வெளிச்சமா தெரியும்.

கணவர்: காலி இல்லேன்னா?

டெக்னீஷியன்: நீங்க தினமும் போடற மாத்திரை முன்னாடியே உட்கார்ந்திருந்தா, இதுக்கு இடமில்ல. படம் இருட்டா இருக்கும். புது மாத்திரை மூளைக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கத்தானே இந்த ஆராய்ச்சியே.

கணவர்: பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை.

டெக்னீஷியன்: அதேதான் சார். இங்க ஜன்னல் சீட்டுக்குச் சண்டை மட்டும் கிடையாது. இருங்க, கூப்பிடறேன்.

மனைவி: ...அவர் உள்ள போயிட்டார். ஏன் முகம் இப்படிப் போச்சு?

கணவர்: மாட்டிக்கிட்டேன். நான் அந்த மாத்திரையைப் போடறதே இல்ல.

மனைவி: எப்போலேர்ந்து?

கணவர்: குடுத்த நாள்லேர்ந்து. வாய் வரைக்கும் கொண்டு போவேன். நீ காபி எடுக்கத் திரும்பினதும்... அத விடு. அந்தக் காபியும் வர வர ஒரே கசப்பு.

மனைவி: வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். ஸ்கேன் வேணாம்.

கணவர்: மாட்டப்போறது நான், நீ ஏன் பதறற? யோசிச்சுப் பாரு... சுவத்துக்குள்ளேர்ந்து பேசினவங்க இப்ப பேசறதில்ல. நல்லாத் தூங்கறேன். எல்லாம் மாத்திரை இல்லாமலே. இன்னைக்குப் படம் பளிச்சுன்னு வரும். டாக்டர்கிட்டயே சொல்லிடப் போறேன், இனிமே இந்தக் கருமம் வேண்டாம்னு.

மனைவி: வேண்டாமா...

கணவர்: நானே ஜெயிச்சிருக்கேன். உனக்குச் சந்தோஷமா இல்லையா?

மனைவி: பயமா இருக்கு.

டெக்னீஷியன்: சார், வாங்க. அம்மா, நீங்க இங்கேயே உட்காருங்க.

*

டெக்னீஷியன்: முடிஞ்சுது. விவரமா டாக்டர் சொல்லுவார். நான் பார்த்தவரைக்கும் நல்ல இருட்டு. ஒழுங்கா மாத்திரை போட்டிருக்கீங்க சார்.

கணவர்: அது வேற யாரோட படமாவது...

டெக்னீஷியன்: இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் சார்.

மனைவி: ரொம்ப நன்றிங்க. ...வாங்க, போலாம்.

கணவர்: போடாத மாத்திரை எப்படிப் போய் உட்காரும்?

மனைவி: மழை பிடிச்சிருச்சு. குடையை விரிங்க.

கணவர்: வேணாம். நனைஞ்சே போலாம்.

மனைவி: விரிங்கன்னா...

கணவர்: அதுக்குள்ளதான் அத்தனை மாத்திரையும் கிடக்கு. விரிச்சா வாசல் பூராக் கொட்டும்.

மனைவி: ஒண்ணும் கொட்டாது. மறுபடி சுவரோட பேச ஆரம்பிச்சுடுவீங்களோன்னு பயந்து... அன்னன்னிக்கே எடுத்துப் பொடி பண்ணிடுவேன். காபி ஏன் கசந்துச்சுன்னு நினைச்சீங்க?